லிட்டருக்கு எட்டு மைல்

அந்த டப்பா வேலை செய்யாது என்று எனக்குக் கொள்முதல் பண்ணும்போதே தெரியும். உள்ளே ஒரு ஸ்பிரிங், வட்டமாக வெட்டிய கம்பிவலை, அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து டஜன் கணக்கில் வரும். கார் இன்ஜினுக்குப் போகிற பெட்ரோல் குழாயின் நடுவில் மாட்டினால் கால் பங்கு பெட்ரோல் மிச்சமாம், அட்டையில் போட்டிருந்தது. எழுபத்துநாலில் பெட்ரோல் விலை ஏறின வேகத்துக்கு, அட்டையில் எதைப் போட்டாலும் ஜனங்கள் நம்பத் தயாராக இருந்தார்கள். காந்தி ரோட்டில் என் கடையில் இதைத் தவிர, பஞ்சரானால் டயரைத் தானே அடைத்துக்கொள்ளும் மாவு ஒன்றும் இருந்தது. அது தோசைக்கல்லில்கூட ஒட்டாது.

பட்டுக்கடை ஆதிகேசவன் முதலாளி ஒன்றரை மணி நேரம் பேரம் பேசினார். நான் நூற்றிருபது சொன்னேன். அவர் இரண்டு தடவை படியிறங்கிப் போனார், நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். எந்தப் படியில் கால் வைக்கும்போது கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் பால்குடி மறக்கும்முன்பே வந்துவிடும். அறுபத்தைந்தில் முடிந்தது. ஜெயித்த முகத்தோடு டப்பாவை எடுத்து டிரைவர் தேவசகாயத்திடம் கொடுத்தார்.

அவன் குலுக்கிப் பார்த்தான். "உள்ள இன்னாண்ணே இருக்குது?"

"வெள்ளைக்காரன் மூளை."

"அதான் கனமே இல்லியா."

முதலாளியும் சிரித்தார்.

அவர் தொழில் எடையில் நடப்பது. நெசவாளிக்குப் பட்டுநூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். சேலையாக நெய்து வந்ததும் அதையும் நிறுப்பார். சேதாரம் போக எடை குறைந்தால் நூல் நெசவாளி வீட்டிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் எடை போடும் கூடத்தில் வேறு அர்த்தம் கிடையாது. பெட்ரோலையும் அப்படித்தான் பார்த்தார். முன்பு லிட்டருக்கு ஆறு மைல் ஓடின வண்டி. டப்பா மாட்டியபின் எட்டு ஓட வேண்டும். தாமல், முசரவாக்கம் என்று ஊர் ஊராகத் தறிக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்து மீட்டரைப் பார்த்தால் அதே ஆறு. அப்படியானால் மிச்ச இரண்டு மைல் தேவசகாயத்தின் வீட்டில் தங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் அவன் கடைக்கு வந்து நின்றான்.

"நாளைக்கு சாவிய வெச்சிட்டுப் போவச் சொல்லிட்டாருண்ணே. பதினோரு வருசம். பெட்ரோல் திருடன்னு பேர் வந்துட்டா இந்த ஊர்ல அப்பறம் எவன் வண்டி குடுப்பான்? நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, இது வேலை செய்யாதுன்னு."

மாட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை. வருகிறேன் என்று சொல்லும்போதும் எனக்குள் எதுவும் அசையவில்லை. மறுநாள் காலையில் போனேன்.

முதலாளி கூடத்தில் தராசோடு உட்கார்ந்திருந்தார். தேவசகாயம் கைகட்டித் தூணோரம் நின்றான்.

"மொதலாளி, அந்த டப்பா வேலை செய்யாது. உள்ள ஒண்ணும் இல்ல. இவன் மேல தப்பில்ல" என்றேன்.

தராசு முள் நிற்கிறவரை பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"எவன் கேட்டான்பா, கண்ணாயிரம்?"

"எத?"

"டப்பாவத்தான். எவனோ ஜாஸ்திக்குக் கேட்டுருக்கான். சரக்க மட்டம் தட்டி என்கிட்டருந்து திருப்பி வாங்கினு போலாம்னு வந்துக்கிற. தினம் பத்து சேலைய மட்டம் தட்டித்தான்பா நான் வாங்கறேன்."

"இல்ல மொதலாளி. வேணும்னா அறுபத்தஞ்சையும் அப்படியே திருப்பிக் குடுத்துடறேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது. விற்ற பணத்தை முழுசாகத் திருப்பித் தருகிற வியாபாரியை அவர் ஜன்மத்தில் பார்த்ததில்லை. நானும்தான்.

"பாத்துக்கோ தேவசகாயம். முழுசா குடுக்கறானாம். அப்ப எவனோ எரநூறுக்குக் கேட்டுருக்கான்."

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவர் அடுத்த சேலையைத் தட்டில் வைத்தபடி தேவசகாயத்திடம் சொன்னார். "வண்டி வேலை இருந்தா சொல்லி அனுப்பறேன்பா."

எடை குறைந்த நெசவாளிகளிடமும் இப்படித்தான், தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்பார். யாருக்கும் சொல்லி அனுப்பியதில்லை. குரலில் கோபம் இருக்காது. தேவசகாயம் சாவியைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

தெருவில் கொஞ்ச தூரம் சேர்ந்தே நடந்தோம்.

"நான் சொன்னேனேப்பா" என்றேன்.

"சொன்னீங்கண்ணே. அன்னிக்கு டப்பாவ விக்கச்சொல்ல கைய ஆட்டி ஆட்டி சொன்னீங்க. இன்னிக்கு வாடகை ரசீதப் படிக்கிற மாதிரி சொன்னீங்க."

அவன் அதைக் குறையாகச் சொன்ன மாதிரியும் இல்லை. அவனுடைய மைத்துனன் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறான். அங்கே ஒரு ஆள் தேவைப்படுமா என்று இன்றைக்கே போய்க் கேட்டுவரச் சொல்லி அவன் பெண்சாதி லில்லி அவனை அனுப்பியிருக்கிறாளாம். முதலாளி என்ன சொல்வார் என்று அவள் விடிகிறபோதே கணக்குப் போட்டிருக்கிறாள்.

வாலாஜாபாத் பஸ் வந்தது. டிரைவர் அவனுக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது, ஹாரனைத் தட்டிக் கை காட்டினார். தேவசகாயம் அந்தப் பக்கம் பார்க்காமல் பின்வாசலில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான். உள்ளே உட்கார இடம் நிறைய இருந்தது.