முக்கோணத்துக்குப் பின்னால் நின்ற கார்

என் கணவர் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். டிரைவர்கள் அவரை முக்கோணம் சார் என்று கூப்பிடுவார்கள், அதாவது அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். வண்டி பழுதாகி நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் அதற்குப் பின்னால் வைக்க வேண்டிய சிவப்பு முக்கோணப் பலகையைப் பற்றி அவர் அரை நாள் பேசுவார். அதை வைக்காமல் விட்டவர்களின் கதியைப் பற்றி மீதி அரை நாள் பேசுவார். நடுவில் சாப்பாட்டு இடைவேளை உண்டு. அதிலும் பேசுவார்.

வீட்டில் மட்டும் எங்களுக்கு என்ன விடுதலையா? ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் ஹால் சுவரில் படம் ஓட ஆரம்பிக்கும். சினிமா என்று ஆசைப்பட்டுவிடாதீர்கள். ஓரத்தில் நிற்கும் லாரி, வளைவில் நிற்கும் வேன், விளக்கே இல்லாமல் நிற்கும் டிராக்டர், இப்படி அவரே போகிற வழியில் எடுத்த போட்டோக்கள். மறுநாள் வகுப்புக்கு அது ஒத்திகை, பார்வையாளர்கள் நானும் என் மாமியாரும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான். "இந்தப் படத்துல தப்பு எங்க இருக்கு?" யாராவது பதில் சொன்னால்தான் அடுத்த படம் வரும். எல்லாப் படமும் முடிந்தால்தான் சாப்பாடு.

பதில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது. மாமியார் டிவி தொடரைப் பார்த்துக்கொண்டே, சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முக்கோணம் வைக்கலடா" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

இதற்கு மேல் ஒரு பயிற்சி வேறு. நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உள்ளே உட்கார்ந்திருக்கக் கூடாது. இறங்கி, ஓரத்துத் தடுப்புக் கம்பியைத் தாண்டி, தள்ளிப் போய் நிற்க வேண்டும். "இறங்கு, தாண்டு, தள்ளி நில்லு." அவர் கண்டுபிடித்த மந்திரம். தடுப்புக் கம்பிக்கு எங்கள் ஹாலில் எங்கே போவது? சோபாதான் கம்பி. டைனிங் நாற்காலிதான் கார். அவர் கைதட்டியவுடன் நாங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து சோபாவின் முதுகைத் தாண்டி ஜன்னலோரம் போய் நிற்க வேண்டும். எதிர்வீட்டுக்காரம்மா ஒருநாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து என்னிடம் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுகிறார்.

மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு அவருக்கு மட்டும் பயிற்சியிலிருந்து விலக்கு கிடைத்தது. எனக்கு என்ன ஆபரேஷன் பண்ணினால் விலக்கு கிடைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த முழங்காலை டாக்டரிடம் காட்டத்தான் வெள்ளிக்கிழமை காலையில் காரில் கிளம்பினோம். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லீவு சொல்லியிருந்தேன். மாமியார் பின்சீட்டில் காலை நீட்டி, சீட்டு முழுக்க அவருக்கே சொந்தம் என்பதுபோலச் சாய்ந்திருந்தார். நான் முன்சீட்டில். இவர் ஓட்டினார். முன்னால் போகிற வண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் இவர் விட்ட இடைவெளியில் இன்னொரு குடும்பம் வீடு கட்டிக் குடியேறலாம். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். சைக்கிள் மட்டும் தாண்டவில்லை, அதற்கு நெடுஞ்சாலையில் அனுமதி இல்லை.

இவர் மனசு முழுக்கத் திங்கட்கிழமையில் இருந்தது. அன்றைய வகுப்பில் கம்பெனியின் பெரிய முதலாளியே வந்து உட்காரப் போகிறார். எல்லா டிப்போக்களுக்கும் சேர்த்து ஒரு பாதுகாப்புத் தலைவரைப் போடப் போகிறார்களாம். இவர் இத்தனை வருஷமாக ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவர், அந்த நாற்காலி தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டார். குறை ஒன்றே ஒன்றுதான். புதுப் படம் இல்லை.

"பழைய படத்தையே எத்தனை தடவை காட்டறது? புதுசா ஒண்ணு, பாத்தவுடனே மனசுல பதியற மாதிரி வேணும்."

"அதுக்கு யாராவது வண்டியை நிறுத்தணுமே" என்றேன்.

அவருடைய அதிர்ஷ்டம், நிறுத்தியிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி, ஓரத்தில் பாதியும் சாலையில் பாதியுமாக நின்றது. பின்னால் முக்கோணம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மரக்கிளையை ஒடித்து வைத்து, பறந்துவிடாமல் இருக்க மேலே ஒரு கல். லாரியில் ஆள் இல்லை, மெக்கானிக்கைத் தேடிப் போயிருக்க வேண்டும். கல்யாணத்தன்று என்னைப் பார்த்தபோதுகூட இவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

"கிளை. கல்லு. ரெண்டும் இருக்கு" என்றார் குரல் நடுங்க.

லாரிக்குப் பின்னால், நன்றாகத் தள்ளியே காரை ஓரங்கட்டினார். ஓரம் குறுகல், எங்கள் காரின் ஒரு பக்கச் சக்கரங்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சாலைக்குள்தான் நின்றன. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவர் கண் கிளைமேல் இருந்தது.

"நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றேன்.

"இது நிறுத்தறது இல்ல. இது வேலை. ரெண்டு நிமிஷம். வண்டியிலயே இருங்க."

இந்த "வண்டியிலயே இருங்க" அவர் வாயிலிருந்து வந்ததை நான் நம்பவில்லை. சோபாவைத் தாண்டித் தாண்டித் தேய்ந்த என் முழங்காலும் நம்பவில்லை.

டிக்கியைத் திறந்து எங்கள் முக்கோணத்தை எடுத்தார். பரவாயில்லை, மனுஷனுக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்தேன். அதை வகுப்பில் சொல்கிற மாதிரியே நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்பக்கமாக அல்ல. முன்பக்கமாக, லாரியை நோக்கி. கிளையைத் தாண்டாமல், எங்கள் காருக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் நிறுத்தி, சாய்வைச் சரிபார்த்து, இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்து, மறுபடி வந்து திருப்பி வைத்தார். கல்யாண வீட்டில் பரிசுப் பொருளை அடுக்குகிறவர் தோற்றார். கிளை வைத்தால் எப்படி இருக்கும், முக்கோணம் வைத்தால் எப்படி இருக்கும் என்று இரண்டு படம் வேண்டுமாம். அப்புறம் லாரிப் பக்கம் போனார், அங்கிருந்து திரும்பி நின்று எங்களைப் பார்த்துப் போனைத் தூக்கினார்.

"நம்மளையா எடுக்கறான்?" என்று மாமியார் பின்னாலிருந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"முக்கோணத்தை எடுக்கறாரு, அத்தை."

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் சிவப்பாகப் பளபளத்தது. பளிச்சென்று என்னையே பார்த்தது. ஒரு நிமிஷம் அதன் அழகை ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பலகை என் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் அது எங்களுக்கு முன்னால் இருக்கிறது. அது காப்பாற்றுகிற வண்டி லாரி. எங்களைக் காப்பாற்ற எங்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கிளைகூட இல்லை.

"அத்தை, இறங்குங்க."

"எதுக்கு? இருன்னுதானே சொல்லிட்டுப் போனான்."

"அவரு என்னிக்கு இருன்னு சொல்லியிருக்காரு? இறங்குங்க, தாண்டுங்க, தள்ளி நில்லுங்க."

"காலை மடக்க முடியாதும்மா."

"மடக்க வேணாம். நான் இழுக்கறேன்."

கம்பிப் பக்கத்துக் கதவைத் திறந்து அவர் அக்குளுக்கடியில் கைகொடுத்து இழுத்தேன். என் மாமியாருக்கும் எனக்கும் பல வருஷப் பழக்கம், ஆனால் நாங்கள் அப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பையை எடுக்கணும் என்றார். ஸ்கேன் படம் உள்ளே இருக்கிறது என்றார். செருப்பு ஒன்று சீட்டுக்கடியில் போய்விட்டது என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், சத்தமாகவே. அவர் கேட்டுக்கொண்டார், பதிலுக்கு ஒன்று சொன்னார், ஆனால் நகர்ந்தார்.

தடுப்புக் கம்பி சோபாவைவிடக் கொஞ்சம் உயரம். மாமியார் முதலில் நல்ல காலைப் போட்டார், அப்புறம் உட்கார்ந்த வாக்கில் ஆபரேஷன் காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். விலக்கு வாங்கியவர் மாதிரி இல்லை. நானும் தாண்டி, அவரை இழுத்துக்கொண்டு புதர்ப் பக்கம் சரிவில் இறங்கினேன். உட்கார்ந்து மூச்சு வாங்கினோம்.

"ஒண்ணும் வரல பாரு" என்றார் மாமியார். "பைத்தியம் பிடிச்ச குடும்பம்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தலையணை ஏற்றி வந்த வேன் அது. பிரேக் சத்தம் வந்ததா என்றால், வந்தது, ஆனால் இடித்த சத்தத்தோடு சேர்ந்தே வந்தது. எங்கள் கார் முன்னால் எகிறி, முக்கோணத்தை அரைத்து, கம்பியில் ஒரு தேய் தேய்த்து நின்றது. பின்சீட்டு இருந்த இடத்தில் டிக்கி இருந்தது. டிக்கி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வேனின் கதவு திறந்து தலையணைகள் சாலை முழுக்கக் கொட்டின, சில கிழிந்து பஞ்சு பறந்தது.

இவர் லாரிப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். புதருக்குப் பின்னால் நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போனார். கதவு என்று அங்கே எதுவும் இல்லை. மடங்கிய தகரத்தைக் கையால் இழுத்தார். "அம்மா" என்றார். அப்புறம் என் பெயரைச் சொன்னார். என்னை "ஏம்மா", "இந்தா" என்று மட்டுமே கூப்பிடுகிற மனுஷன், என் பெயரை மறந்தே போயிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

நான் எழுந்து குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"இரு. கொஞ்சம் தேடட்டும்."

தேடினார். பஞ்சுக்கு நடுவில் குனிந்து, சிதறிய தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார், அதற்கடியில் நாங்கள் இருப்போம் என்பதுபோல. அப்புறம் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. அவருடைய அம்மாவின் செருப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். நெடுஞ்சாலையில் எக்காரணம் கொண்டும் உட்காரக் கூடாது என்று சொல்கிறவர்.

தேடட்டும் என்று சொன்ன மாமியாராலேயே அதைப் பார்க்க முடியவில்லை. "டேய், இங்க இருக்கோம்டா, எந்திரிச்சு இந்தப் பக்கம் வாடா" என்று அவர் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துப் போனது. நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அந்தச் செருப்பை வாங்கி நாலு போடவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

வேன் டிரைவருக்கு நெற்றியில் வீக்கம், மற்றபடி பிழைத்துக்கொண்டார். "கார் போய்க்கிட்டு இருக்குன்னுதாங்க நெனச்சேன். கிட்ட வந்தப்பறம்தான் நிக்குதுன்னே தெரிஞ்சுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நிற்கிற வண்டி தூரத்திலிருந்து ஓடுகிற மாதிரிதான் தெரியும் என்பது என் கணவருடைய வகுப்பில் காலை முதல் பாடம். அந்த டிரைவர் வகுப்புக்கு வராமலேயே வரி பிசகாமல் ஒப்பித்தார்.

போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து வீடு வந்தோம். முழங்கால் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். நல்ல உடற்பயிற்சி செய்கிறார்கள் போல என்று பாராட்டு வேறு. இவருக்கு நடுக்கம் அடங்கியதும் பழைய குரல் வந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க லாரிக்காரனைத் திட்டினார். அவன் கிளை வைக்காமல் முக்கோணம் வைத்திருந்தால் இவர் நிறுத்தியிருக்கவே மாட்டாராம். வேன்காரனைத் திட்டினார். ஓரத்தைக் குறுகலாகப் போட்ட இன்ஜினியரைத் திட்டினார். திட்டு வாங்க வேண்டியவர்களில் ஒரே ஒருவர் மட்டும் விட்டுப்போனார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூடமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வழக்கம்போலச் சுவரில் படம் ஓடியது. போனில் இருந்ததை அப்படியே ஏற்றியிருந்தார், இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது. லாரி வந்தது. கிளை வந்தது. கல் வந்தது. அடுத்ததை அழுத்திவிட்டு, சுவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து, "இந்தப் படத்துல தப்பு எங்க இருக்கு?" என்றார்.

சுவரில் முக்கோணம் பெரிதாக நின்றது. அதற்குப் பின்னால் எங்கள் கார். கண்ணாடி வழியே இரண்டு தலைகள். ஒன்று முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் இருந்தது, போட்டோவுக்காக முடியைச் சரிசெய்துகொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பார்க்கத்தான் அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாமியார் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். "நீயே சொல்லுடா" என்றார். "சொன்னாத்தானே அடுத்த படம்?"

அவர் சுவருக்குப் பக்கத்தில் போனார். பின்சீட்டுத் தலை இருந்த இடத்தில் கையை வைத்தார். படம் அவர் கைமேல் விழுந்தது.

"படத்துல இல்லம்மா" என்றார். "எடுத்தவன்கிட்ட இருக்கு."

நான் சாப்பாட்டைச் சூடு பண்ண எழுந்து சமையலறை வாசல் வரை போனேன். பின்னாலிருந்து, அவர் வகுப்பில் ஒருநாளும் பேசாத சின்னக் குரலில் கேட்டார்.

"நாளைக்கு முதலாளி இருப்பாரு. இதைக் காட்டவா, வேணாமா?"

"காட்டுங்க" என்றேன். "ரெண்டு பேரும் படத்துல நல்லாத்தான் விழுந்திருக்கோம்."