நெகேமியாவின் பலகை

நெகேமியா விடிகாலையில் கண்ணை மூடினார். அரசாங்கம் பழுதுபார்த்து மியூசியமாக்கிய பழைய யூதத் தொழுகைப் பள்ளியை மந்திரி திறந்து வைப்பதும் அதே நாளிலா இருக்க வேண்டும்? சாவுக்கு நேரம் காலம் தெரியுமா என்ன!

அந்தக் கேரளத்து ஊர் யூதர்கள் எல்லோரும் இஸ்ரேலுக்குப் போனபோதும் நெகேமியாவும் தங்கை சிப்போராவும் மட்டும் அசையவில்லை. "பள்ளியைப் பூட்டிட்டுக் கிளம்ப, அது என்ன பெட்டிக்கடையா?" என்பார். தொழ ஆளில்லாமல், கூரை ஒழுகி, வௌவால் குடியேறிய பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே விளக்கேற்றினார். அவர் தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அப்பாவையும் அம்மாவையும் கிடத்திக் கழுவிய பள்ளிப் பலகையிலேயே தன்னையும் கழுவ வேண்டும். சிப்போரா வாக்குக் கொடுத்திருந்தாள்.

அண்ணனைக் கழுவ எர்ணாகுளத்திலிருந்து யூத ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். அவள் பள்ளிக்கு ஓடினாள். பலகை அங்கே பளபளவென்று வார்னிஷ் பூசி, சுற்றிலும் கயிறு கட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: 'பிள்ளைகள் உட்கார்ந்து படித்த பெஞ்சு.'

அடப் பாவிகளா!

"மோனே, இது பெஞ்சு இல்ல. எங்க பிணத்தைக் குளிப்பாட்டுற பலகை. சேட்டன் போயிட்டார். சாயங்காலமே திருப்பித் தந்துடறேன்."

அதிகாரி ஹரிதாஸ் கையைப் பிசைந்தான். "ஐயோ சேச்சி, மியூசியம் பொருள் வாசலைத் தாண்டக் கூடாது. மந்திரி வர்ற நேரம். என் வேலை போயிடும்."

"எங்க பள்ளிச் சாமானுக்கு உன்கிட்ட நான் கெஞ்சணுமா?"

"இது இப்போ பள்ளி இல்ல சேச்சி. மியூசியம்."

சிப்போரா கயிற்றருகே போனாள். தொழும் இடத்துக்குள் பிணம் வரக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. ஆனால் கொடுத்த வாக்கு?

"சரி, இது பள்ளி இல்ல. அப்போ எனக்கென்ன தடை? பலகை வெளிய வராட்டி சேட்டன் உள்ள வரட்டும். இங்கேயே கிடத்திக் கழுவுறோம். உன் மந்திரியும் ஒரு குடம் தண்ணி ஊத்தட்டும்!"

ஹரிதாஸ் வாசலைப் பார்த்தான். அங்கே மந்திரியை வரவேற்கச் செண்டை மேளம் முழங்கத் தொடங்கியிருந்தது. கயிற்றை அவனே அவிழ்த்து, பலகையைப் பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தான்.

வீட்டில் ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினார்கள். சிப்போரா வெளியே நின்றாள்.

"தண்ணி நிக்கவே மாட்டேங்குதே, அப்படியே வழுக்கி ஓடுது" என்றார் உள்ளே ஒருவர்.

ஊரில் செத்தவர்களின் தண்ணீரையெல்லாம் குடித்த மரம் அது. வார்னிஷ் ஏறியபின் அண்ணனுடையதில் ஒரு சொட்டைக்கூடக் குடிக்கவில்லை.

அண்ணனுக்கு வெள்ளைத் துணி உடுத்திவிட்டபின் அவளை உள்ளே விட்டார்கள். இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். அவள் அண்ணனின் காலடியில் குனிந்தாள்.

"வாக்கைக் காப்பாத்திட்டேன் சேட்டா. ஆனா நம்ம பள்ளியைப் பள்ளி இல்லைன்னு என் வாயாலேயே சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."