உப்புநீரில் விட்ட நீர்ப்பல்லி

1971ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒன்பதாம் திகதி காலை பருத்தித்துறை முருகேசு இறந்தார். உயிர் பிரியும் வேளையில் அவருடைய வாயிற் பால் விடும் உரிமை ஒரே மகளுக்குக் கிடைக்கவில்லை. மூன்று வருடமாக அந்த வாசலை மிதியாத தமக்கையார் பராசக்திக்கே கிடைத்தது. இது அநியாயம். அநியாயத்தை அநியாயமென்று எழுதிவைத்துவிட்டே மற்றதைச் சொல்லவேண்டும்.

தாயில்லாத மகள் இராசமலர் அப்போது அறைக்கு வெளியே, யன்னலுக்கு நேர்கீழே குந்தியிருந்து, கையிலிருந்த நீர்ப்பல்லியை உப்புநீர் நிரப்பிய அலுமினியப் பேசினில் இறக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே பராசக்தியின் ஒப்பாரி வெடித்தது. பேசினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தகப்பனின் கடைவாயிற் பால் வழிந்துகொண்டிருந்தது, கண்கள் மூடப்பட்டிருந்தன.

"இப்பதான் வாறியோ? எத்தினை தரம் கூப்பிட்டனான்!" என்றார் பராசக்தி.

இராசமலருக்கு ஒரு தரமேனும் கேட்கவில்லை.

கப்பலில் வேலை செய்த முருகேசு கடைசிப் பயணத்தில் யப்பானிலிருந்து ஒரு சோடி நீர்ப்பல்லிகளைப் போத்தலிலே கொண்டுவந்திருந்தார். கரிய முதுகு, செவ்வயிறு, விரலளவு உடம்பு. கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். பல்லி வளர்க்கிற வீட்டிற் கை நனைக்கமாட்டேனென்று தமக்கையார் அன்றோடு போக்குவரத்தை நிறுத்தினார். குளிர்நாட்டுச் சீவன்களுக்கு நம்முடைய வெயில் ஒத்துவரவில்லை. தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டியும் பங்குனி வெக்கையில் ஒன்று ஊதிச் செத்தது. மற்றதன் தோலிற் பஞ்சுபோல வெண்பூசணம் படர்ந்தது. அதற்குள் முருகேசுவும் கால் வீங்கிப் படுக்கையில் விழுந்தார். எழும்ப முடியாதவர் மகளின் கைகளைக்கொண்டு வைத்தியம் பார்த்தார்: நாள்தோறும் இலேசான உப்புநீரில் ஒரு குளிப்பு.

"ஒரு வெத்திலை போடுற நேரம் போதும், பிள்ளை. கூட விட்டால் தோல் வெந்துபோம்."

அன்று காலையும் அவரே அனுப்பினார். கடைசி மூச்சென்று கேள்விப்பட்டு வந்த தமக்கையார் கட்டிலருகில் இருந்தார்.

"பிறகு செய்யிறன், அப்பா. உங்களுக்கு மூச்சு இழுக்குது."

"அக்கா இருக்கிறாதானே. நீ போ. அது காத்துக்கொண்டு கிடக்கும்."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது.

"தேப்பன் சாகேக்கை பல்லிக்கு முழுக வாத்தவளாம்," என்றாள் அயல்வீட்டுச் சிவக்கொழுந்து.

"வாத்துப்போட்டுப் பவுடரும் பூசியிருப்பள்," என்றாள் பக்கத்திலிருந்தவள். முந்தானைகள் வாய்களை மறைத்தன.

"அப்பாதான் போகச் சொன்னவர்," என்றாள் இராசமலர்.

"ஓம், ஓம். செத்த மனிசன் எழும்பிச் சாட்சி சொல்லுவானோ?" என்றார் பராசக்தி.

ஒப்பாரி சற்று ஓய்ந்த இடைவெளியில் யன்னல் வழியே ஒரு சத்தம் வந்தது. அலுமினியப் பேசினின் சுவரிற் சின்னஞ்சிறு கால்கள் சறுக்கும் சத்தம். ஏறும், வழுக்கி விழும், மறுபடி ஏறும். வெற்றிலை போடும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. எழுந்துபோனால் நல்ல தண்ணீரில் விட்டுவிடலாம். எழுந்துபோனாற் சனம் சொன்னது மெய்யாகிவிடும்.

அவள் எழவில்லை. தகப்பனின் தலைமாட்டில், ஒரு மகள் எப்படி இருக்கவேண்டுமென்று அவர்கள் எதிர்பார்த்தார்களோ அப்படி, தலைவிரிகோலமாக இருந்தாள். சத்தம் மெதுவாயிற்று. அடுத்த ஒப்பாரி எழுந்து அதை மூடியது. அந்த ஒப்பாரியும் ஓய்ந்தபோது யன்னற்பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

பிரேதத்தை எடுத்துச் சென்றபின் பெண்கள் வீடு கழுவினார்கள். பராசக்தி பேசினைக் காலால் தட்டிக் கவிழ்த்தார். மண்ணில் ஒரு செவ்வயிறு மல்லாந்து கிடந்தது, தோல் உரிந்திருந்தது.

"மாமி, நீங்கள் மெய்யாய் என்னைக் கூப்பிட்டனீங்களோ?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டனான், மோளே."

இராசமலர் விளக்குமாற்றை எடுத்து, தேங்கி நின்ற தண்ணீரை வாசலுக்குத் தள்ளினாள்.

அந்த வீடு இன்னும் இருக்கிறது. இதை வாசிக்கிற நீங்கள் ஒருமுறை அங்கே போங்கள். ஒருவரை யன்னலுக்குக் கீழே குந்தவைத்துவிட்டு, கட்டில் கிடந்த இடத்தில் நின்று, தொண்டை கிழியவேண்டாம், சாதாரணமாக, "இராசமலர்" என்று கூப்பிடுங்கள். கேட்டதா என்று விசாரியுங்கள். அதன்பிறகு அவளைப்பற்றி வாய் திறவுங்கள்.