உலர் உருளை

கழிவுக் கடதாசியை ஊறவைத்து அரைத்த கூழ், ஈரத் தாளாகக் கம்பளித் துணிமேல் ஊர்ந்து வந்தது. ஆவியில் கொதிக்கும் இரும்பு உருளையில் அதன் முனையை ஒட்டிவிட்டால் மறுபக்கம் காய்ந்த அட்டையாக வந்து விழும். ஒட்டிவிடுவது விஜயலெட்சுமியின் வேலை. தண்ணீரில் உள்ளங்கையை நனைத்து, ரொட்டி தட்டுவதுபோல் ஒரு தட்டு; உடனே கையை எடுத்துவிடவேண்டும். கை உள்ளே போகாமல் முன்னால் இருந்த காப்புக் கம்பி வேலைக்கு இடைஞ்சல் என்று சுப்பர்வைசர் துஷாந்த் போன மாதம்தான் கழற்ற வைத்திருந்தார்.

"வீட்டுல ஒம் புருசனுக்கு என்னைக்காவது இப்பிடி ரொட்டி தட்டிக் குடுத்திருக்கியாடி?" அட்டை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் மனைவி ஜெயலெட்சுமி கேட்டாள்.

"அந்தாளுக்குக் கடை ரொட்டிதான் எறங்கும் மதினி."

அறுந்த தாளை மறுபடி ஒட்டப் போனவளின் கையை, சிரிப்பு அடங்குமுன் உருளையும் துணியும் சேர்ந்து இழுத்துக்கொண்டன.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் விஜயலெட்சுமி மதினியின் மடியில் முனகிக்கொண்டே வந்தாள். கையில் சுற்றிய சேலைத் துண்டு நனைந்திருந்தது. ஆட்டோவின் முன்பக்கம் ஒண்டியிருந்த துஷாந்த் திரும்பினார்.

"வீட்டுல சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லுங்க. மில்லுன்னு சொன்னா லேபர் ஒப்பீஸ் வரும், பூட்டிருவாங்க. பொறகு எல்லாரும் கொழுந்து பறிக்கத்தான் போவணும்."

"மில்லுல நடந்ததுன்னா நட்டஈடு கெடைக்கும்னு சொல்றாங்களே சார்?"

"மில்லு இருந்தாத்தானே குடுக்க?"

ஜெயலெட்சுமி வெளியே பார்த்தாள். கீழே தேயிலை மலைகள் நழுவிக்கொண்டிருந்தன. இனி இரண்டு குடும்பமும் இருந்த அந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் உலை வைக்க மிஞ்சியது அவள் வேலை ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள். "எப்பிடி நடந்திச்சு?"

துஷாந்த் ஜெயலெட்சுமியைப் பார்த்தார்.

"சுடுதண்ணிங்க மிஸ்ஸி... அடுப்படியில."

விஜயலெட்சுமி கண்ணைத் திறந்தாள். மதினியின் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாதி துணியை அவிழ்த்தாள். உள்ளங்கை முழுக்கப் பழுப்பு அட்டை காய்ந்து, ரேகைகளோடு ரேகையாக இறுகியிருந்தது.

"இது என்ன?"

"அவசரத்துக்கு ஏதோ காகிதத்தை வச்சிச் சுத்தியிருக்காங்க மிஸ்," என்றார் துஷாந்த்.

தாதி இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அட்டையோடு தோலும் வந்தது. அதைத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்த ஓரத்தைத் தேடினாள்.