பென்சில் பிரின்ட்

துளசிமணியின் காரைப் பறிமுதல் செய்தபோது அவள் கணவர் சென்னியப்பன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆகவே அவரையும் சேர்த்துப் பறிமுதல் செய்தார்கள். பட்டியலில் ஆறாவது ஜாக்கி. ஏழாவது சென்னியப்பன். எட்டாவது ஸ்டெப்னி.

காரின் குற்றம் இவ்வளவுதான். பழைய இன்ஜின் சீஸ் ஆகி, ஓடாமல் இறுகிவிட்டது. வேறு இன்ஜின் மாட்டினாள். ஆர்.சி. புத்தகத்தில் பழைய நம்பரே இருந்தது.

நான்கு நாளாக அவள் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடக்கிறாள். தாழ்வாரம் தினமும் ஒரு தூண் அளவுக்கு நீண்டுகொண்டிருந்தது. சென்னியப்பனுக்கு ஒரு டயாலிசிஸ் ஏற்கெனவே தவறிவிட்டது. அடுத்தது இன்று இரண்டு மணிக்கு. இதையும் விட்டால் ஆள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்ஜின் வித்தவரோட தடையில்லாச் சான்று இருக்குதுங்களா?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"இருக்குதுங்."

"பழைய இன்ஜினோடது?"

"இன்ஜின் எப்படிங்க கையெழுத்துப் போடும்?"

"படிக்காத இன்ஜின்னா கைரேகை போதுங்க்கா."

"அதைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

"அப்ப இறப்புச் சான்று வேணும்."

துளசிமணி கவுன்ட்டர் கண்ணாடியை ஓங்கி அறைந்தாள். அந்தப் பெண் அதற்கும் ஒரு ரசீது கொடுத்து, பின்வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே, காரின் பக்கத்தில், பிரேக் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். எது ஓடினாலும் நிறுத்துவது அவர் வேலை. புது இன்ஜினில் நம்பர் பொறித்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்து மெல்ல எழும்பி வந்தது.

'நாளை வரவும்.'

"இதென்னங்க?"

"உங்க இன்ஜின் நம்பர்."

"நாளைக்கு வந்தா?"

"நாளைக்கும் இதேதான் இருக்கோணும். நம்பர் மாறுனா கேஸ் ஆயிருமுங்."

சென்னியப்பன் கண்ணாடியை இறக்கினார். சட்டைப் பையின் மேல் அரக்கு முத்திரை. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் அடங்கவில்லை.

"துளசி, மணி எத்தன?"

"ஒண்ணேகால்."

"யோவ், பேசாத இருய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "ஐட்டம் பேசக் கூடாது."

துளசிமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் என் தலையெழுத்து!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எழுத்து இருக்குதுங்களா? அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

அவள் நெற்றியில் தாளை வைத்துத் தேய்த்தார். பதினோரு இலக்கம் வந்தது. ஆர்.சி. புத்தகத்தோடு விரல்வைத்து ஒப்பிட்டார்.

"சரியா இருக்குது. பழைய இன்ஜின் நேர்ல ஆஜர்."

"நான் இன்ஜினா?"

"நான் சொல்லலீங். நம்பர் சொல்லுது. பழைய இன்ஜினையே மாட்டிக்குங்க. மாத்தவே இல்லைன்னா பதிவே வேண்டாமே."

புது இன்ஜினை மூன்று நிமிடத்தில் கழற்றிவிட்டார்கள். கழற்றத்தான் அங்கே ஆள் இருந்தது. மாட்ட ஆள் இல்லை.

துளசிமணிக்கு ஆத்திரம் அடிவயிற்றிலிருந்து கிளம்பிற்று. காது இரண்டிலும் ஆவி வந்தது.

"நாலு நாளா ஒரு மனுசனை ஜாக்கியோட சேத்து அடைச்சு வெச்சிருக்கீங்களேடா, நீங்கெல்லாம் வெளங்குவீங்களா!"

இன்ஸ்பெக்டர் காதைச் சாய்த்துக் கேட்டார். "கம்ப்ரஷன் நல்லா இருக்குது," என்று எழுதிக்கொண்டார். "சைலன்சர்தான் கொஞ்சம் பாக்கோணும்."

அவள் பானெட்டைத் தூக்கினாள். உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். பானெட்டைத் தானே இழுத்து மூடிக்கொண்டாள்.

சென்னியப்பன் முன்சீட்டுக்கு நகர்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்தது.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். சென்னியப்பன் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. துளசிமணிக்கு நிற்கப் பிடிக்கவில்லை. வாசல் கேட்டும், அதில் தொங்கிய 'பொறுமை காக்கவும்' பலகையும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தன.

ஒன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தாள்.

"கூட வந்தவங்க யாருங்க?"

சென்னியப்பன் பானெட்டைக் காட்டினார். நர்ஸ் கையெழுத்து வாங்கப் பேனாவோடு அதைத் திறக்கப் போனாள்.

"இப்பத் தொடாதீங்க," என்றார். "இன்னும் சூடு ஆறல."