வியாழக்கிழமை முறை

கரையான்சாவடி வீட்டில் சௌம்யா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவளாக இருந்தாள். கள்ளிக்குப்பத்தில் நர்ஸ் ஆனாள். இரண்டு இடத்திலும் "அம்மா ஊர்ல கீறாங்க, ஊடு முடிஞ்சதும் வந்துடுவாங்க" என்று சேர்த்துச் சொன்னவர் வீட்டுத் தரகர் வேம்புலி. சௌம்யா தை மாதமே இறந்துபோனாள் என்பது வேம்புலிக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற கோகுல்நாத்துக்கும் தெரியும். அவளுடைய கணவன் அவன்தான்.

முதல் வீட்டில், கோபம் வரும் என்று கோகுல்நாத் காத்திருந்தான். வரவில்லை. வீட்டுக்காரர் "உங்க வீட்ல ரொம்ப பக்தியோ?" என்று கேட்டபோது தலை தானாக ஆடியது.

"தப்பா எடுத்துக்காத சார்," என்றார் வேம்புலி, பைக்கை உதைத்துக்கொண்டே. "ஃபேமிலிக்கு மட்டும்னு போர்டு மாட்டிகிறான் பாரு, அதுக்கு அர்த்தம் பொஞ்சாதி. புள்ள இல்லன்னா கூட ஊடு குடுப்பான். பொஞ்சாதி இல்லன்னு வையி, நீ பேச்சிலரு."

"எனக்குப் பொண்ணு இருக்காளே."

"புள்ள வச்சிருக்கற பேச்சிலரு. அது இன்னும் மோசம் சார்."

பொண்ணு காவ்யா, இரண்டாம் வகுப்பு. தையிலிருந்து திருச்சியில் சௌம்யாவின் அக்கா மைதிலி வீட்டில் இருக்கிறாள். கோகுல்நாத்துக்கு அம்பத்தூருக்கு வேலை மாற்றலாகி வந்ததும் மைதிலி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அவள் கெட்டவளில்லை, யோசித்துத்தான் சொன்னாள். "நல்ல ஸ்கூலா, நாலு மனுஷங்க இருக்கற இடமா பாருங்க. கிடைச்சா கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா திங்கட்கிழமை இங்கயே சேர்த்துடறேன். சேர்த்தப்புறம் வருஷத்துக்கு ஒரு ஊர்னு புள்ளைய அலைக்கழிக்கக் கூடாது, கோகுல்."

சேர்த்துவிட்டால் காவ்யா திருச்சிப் பெண் ஆகிவிடுவாள். லீவுக்கு அப்பாவைப் பார்க்க வருகிற பெண்.

இன்று வெள்ளி.

வேம்புலிக்கு இந்த வாடிக்கையாளரைப் புரியவே இல்லை. குழாயைத் திறந்து பார்ப்பதில்லை. வாஸ்து கேட்பதில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தெரு எப்படி இருக்கும் என்று கேட்கிறான். கேட்டதோடு நிற்காமல், நேற்றும் முந்தாநாளும் மூன்று மணிக்குத் தெருமுனையில் போய் நின்றுகொண்டான்.

நின்றதில் சில விஷயங்கள் தெரிந்தன. கரையான்சாவடியில் பெயர்பெற்ற பள்ளி. பிள்ளைகள் வேன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்து ஒவ்வொருவராக இறங்கி, கழுத்தில் தொங்கும் சாவியால் அவரவர் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். அப்புறம் தெருவில் யாருமில்லை. கள்ளிக்குப்பத்தில் பிள்ளைகளிடம் இரண்டு பை இருந்தது. ஒன்று பள்ளிக்கு, இன்னொன்று டியூஷனுக்கு. பள்ளி வாசலிலிருந்து நேராக டியூஷன் மாடிக்கு ஏறினார்கள். வழியில் பஜ்ஜி சாப்பிட நின்ற ஒரு பையனைக் கூப்பிட்டு, "வீட்டுக்கு எப்ப போவே?" என்று கேட்டான். "தூங்கறதுக்கு," என்றான் பையன்.

மூன்றாவது வீடு ஆவடிக்குப் பக்கத்தில், கோவில்பதாகையில். கீழே வீட்டுக்காரர்கள், மேலே வாடகைக்கு. வீட்டுக்கார அம்மா கண்ணம்மா, பட்டாளத்துக்காரர்களுக்கு உடுப்புத் தைக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஆவடி குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுளை ஓட்டியவர். வீட்டைக் காட்டியதும் கீழே கூடத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"மூணரை மணிக்கு இந்தத் தெரு எப்படி இருக்கும்?" என்றான் கோகுல்நாத்.

வேம்புலி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணம்மாவோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி, புள்ளை ஸ்கூலுக்குப் போகுதா? அப்ப முறையைப் பத்திச் சொல்லணுமே. குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப ஆரம்பிச்சது. நாங்கெல்லாம் வேலைக்குப் போறவளுங்க. சங்கு ஊதறதுக்குள்ள கேட்டுக்குள்ள இருக்கணும். தெனம் ஆளாளுக்கு அவங்கவங்க புள்ளையத் தூக்கிட்டு ஓடினா ஆகுமா? ஆளுக்கு ஒரு நாள்னு பிரிச்சுக்கிட்டோம். அன்னிக்கு யார் முறையோ, அவ எல்லாத்தையும் நடத்திக் கூட்டிட்டுப் போய் விடணும், கூட்டியாரணும். பெத்தவங்க வர்ற வரைக்கும் புள்ளைங்க அவ வீட்ல. ரிட்டயர் ஆனப்புறம் பக்கத்துப் பக்கத்துல மனை வாங்கினோம். முறையும் கூடவே வந்துடுச்சு. இப்ப பேரன் பேத்தி, குடியிருக்கறவங்க புள்ளைங்க, எல்லாம் சேர்த்து."

கோகுல்நாத் மோரைக் கீழே வைத்தான். பல மாதமாக ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம் என்றிருந்தவன் கேட்க ஆரம்பித்தான். மழை பெய்தால்? ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டால்? சாப்பாடு? யாராவது முறையை மறந்துவிட்டால்?

"ஒருத்தி மறந்து தூங்கிட்டா. புள்ளைங்க கேட்ல நின்னுச்சுங்க."

"அப்புறம்?"

"அவ இப்ப இந்தத் தெருவுல இல்ல."

இதுதான் இடம் என்று அவனுக்குத் தோன்றியது. வேம்புலிக்கும் அது தெரிந்துவிட்டது. இரும்பு சூடாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டுமென்று முன்னால் நகர்ந்தார்.

"சார் ஊட்ல அம்மா டீச்சரும்மா."

"டீச்சரா!" கண்ணம்மா எழுந்தே விட்டார். "போன மாசம் காலி பண்ணிட்டுப் போனாங்களே, அவங்க நாள் வியாழக்கிழமை. நாங்கதான் மாத்தி மாத்திச் சமாளிக்கிறோம். அதை டீச்சருக்குப் போட்டுடறேன். நம்பர் சொல்லுங்க தம்பி, குரூப்ல சேக்கணும்."

அவர் கைப்பேசியை எட்டப் பிடித்து விரலைத் தூக்கிக் காத்திருந்தார். டீச்சர் சௌம்யா எப்படியிருப்பாள் என்று கோகுல்நாத் யோசித்துக்கொண்டிருந்தான். குடை பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு கூட்டம் பிள்ளைகளோடு. சத்தமே போடமாட்டாள். அவர்கள்தான் போடுவார்கள்.

"தொண்ணூத்தெட்டு நாப்பது," என்றான். கண்ணம்மா அடித்தார். "நாப்பத்தொண்ணு..."

அந்த எண்ணை அவனே கம்பெனிக்காரர்களிடம் சொல்லி மூடியிருந்தான்.

"அப்புறம்?"

"அந்த நம்பர் இப்ப யாருகிட்ட இருக்குன்னு தெரியாதுங்க."

"ஊர்லதானே இருக்காங்க?"

"இல்லைங்க. செத்துட்டா. தையில. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

வேம்புலி மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா," என்றார் கண்ணம்மா அவரிடம், "செத்தவளுக்கு வேலை போட்டுக் குடுக்கறியே, உனக்கே நல்லாருக்கா?"

"இல்லம்மா... பேச்சிலருன்னா கதவே தொறக்க மாட்டீங்களேன்னு..."

"இவன் பேச்சிலரா?"

"பொஞ்சாதி இல்லியேம்மா."

"எந்திரிச்சு வெளிய நில்லு நீ."

வேம்புலி போனார். கண்ணம்மா கோகுல்நாத்தின் பக்கம் திரும்பினார். "அவன் தொழிலு அது. நீ ஏன் தலையாட்டிட்டு உக்காந்திருந்தே?"

அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "கேக்க நல்லா இருந்துச்சு," என்றான்.

கண்ணம்மா கைப்பேசியில் அடித்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

"வீடு குடுக்கறதுல ஒண்ணுமில்ல," என்றார். "ஆனா முறை குடுக்காம முறை வாங்கறது இங்க கிடையாது. ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. உன் பொண்ணைக் கூட்டியாரணும்னா உன் வீட்லருந்து ஒரு ஆள் வரணும்."

"நான் வரேன். வாரத்துல ஒரு நாள் வீட்லருந்தே வேலை பாக்கலாம்னு ஆபீஸ்ல இருக்கு. வியாழக்கிழமை எடுத்துக்கறேன்."

"ஆம்பளைங்க யாரும் இதுவரைக்கும் முறை எடுத்ததில்ல. உள்ள ஒருத்தர் தூங்கறாரே எங்க வீட்டுக்காரர், சர்வீஸ் பூரா பட்டாளத்து டாங்கிக்கு இன்ஜின் மாட்டினவரு. ஒரு புள்ளைக்கு ஷூ மாட்டத் தெரியாது." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார். "இன்னிக்கு என் முறை. வா, நடந்து காட்டு. அப்புறம் பேசலாம்."

பள்ளி வாசலில் ஒரே இரைச்சல். கண்ணம்மாவைக் கண்டதும் கூட்டத்திலிருந்து பிள்ளைகள் பிரிந்து வந்து இரண்டிரண்டாக நின்றார்கள். கோகுல்நாத் முன்னால் போய் நடக்கத் தொடங்கினான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஜீவா என்ற பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிள், முறைக்காரங்க கடைசில வரணும். முன்னாடி போய்கினே இருந்தா யாரு உழுந்தாங்கன்னு எப்டித் தெரியும்?"

அது சரிதான். அவன் கடைசிக்குப் போனான். ஜீவாவும் அவனோடு வந்தாள்.

"உங்க பொண்ணு பேரு இன்னா?"

"காவ்யா."

"அவங்க அம்மா வருவாங்களா?"

"அம்மா செத்துட்டாங்க." இரண்டாவது தடவை சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்தது.

ஜீவா அதைப் பற்றி இரண்டு வீட்டுத் தூரம் யோசித்தாள். "அப்ப டிபன் பாக்ஸ் யாரு கட்டுவா?"

"நான்."

"இன்னா கட்டுவீங்க?"

"தயிர் சாதம் தெரியும்."

"தெனமுமா? அய்யே!" முன்னால் போகிறவர்களுக்கும் அதை அஞ்சல் செய்தாள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அவன் விடவில்லை. "உங்க ஸ்கூல் எப்படி?" என்றான்.

"சைன்ஸ் மிஸ் மண்புழு கொண்ணாந்தாங்க. நான் கைல வச்சுகினேன். மேக்ஸ் மிஸ் கத்துவாங்க. ஆனா நல்லவங்க."

"கத்தறவங்க எப்படி நல்லவங்க?"

"தப்பா போட்டா கத்துவாங்க. சும்மாங்காட்டியும் கத்த மாட்டாங்க."

அதற்குமேல் ஒரு பள்ளியைப் பற்றி என்ன விசாரிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஏரிப் பக்கம் திரும்பும் இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும். முன்வரிசை கடந்துவிட்டது. நடுவில் ஒரு சின்னப் பையன் அப்படியே நின்று கொக்கைப் பார்த்தான். அந்தப் பக்கமிருந்து தண்ணீர் லாரி வந்தது. கோகுல்நாத் சாலை நடுவே போய்க் கையை நீட்டி நின்றான். லாரி கீச்சென்று நின்றது.

"யோவ்! இன்னா மாமே, நீ இன்னா டிராபிக்கு போலீஸா? நவுருயா!"

அவன் நகரவில்லை. பயமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இந்த ஐந்து மாதமாக எதுவுமே வராமல் இருந்தது. இன்று அது உதவிற்று. பையன் கொக்கைப் பார்த்து முடித்தான். ஜீவா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கடைசித் தலையும் கடந்த பிறகுதான் கோகுல்நாத் கையை இறக்கினான். டிரைவர் சொன்ன மற்ற வார்த்தைகளைப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

கண்ணம்மா அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் இரண்டு மூன்று பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். ஜீவாவின் அம்மா கன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, டீச்சரு வராங்கன்னு வெளிய புரோக்கரு சொல்லிகினு கீறாரு?"

"டீச்சர் இல்ல. இவருதான் வராரு. வியாழக்கிழமை."

"ஆம்பள முறையா? யாரு எவருன்னு தெரியாத ஆளாண்ட எப்டிக்கா புள்ளைங்கள உடறது?"

கோகுல்நாத்துக்கு அது நியாயமாகப்பட்டது. காவ்யாவை யாரோ ஒரு ஆளுடன் அனுப்பச் சொன்னால் அவனும் இதைத்தான் கேட்டிருப்பான். "சரிதான்," என்று வாய்விட்டே சொன்னான். கன்னியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லாரிய நிறுத்திட்டாருமா," என்றாள் ஜீவா. "அந்தாளு எப்டித் திட்டினான் தெரியுமா? இன்னா சொன்னான்னா..."

"சொல்லாத நீ!"

"மொத மாசம் நீ கூட நட கன்னி," என்றார் கண்ணம்மா. "உன் கண்ணால பாரு. ஒத்து வரலன்னா நானே வியாழக்கிழமையை எடுத்துக்கறேன், இவரு வேற வீடு பாக்கட்டும்." பிறகு அவனிடம், "சம்மதமா?"

"சம்மதம்."

"அப்ப ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காச்சிடு. யாரு காச்சறதுன்னு கேக்காத. உன் பொண்ணு காச்சட்டும்."

வேம்புலி பைக் மேல் உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

கோகுல்நாத் மாடிப்படியில் உட்கார்ந்து மைதிலியைக் கூப்பிட்டான்.

"அக்கா, திங்கட்கிழமை ஸ்கூல்ல சேர்க்க வேண்டாம். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"ஸ்கூல் பாத்தாச்சா?"

"வாசல் வரைக்கும் போனேன். உள்ள போய் இன்னும் பாக்கல. மண்புழுவைக் கையில குடுக்கறாங்களாம்."

"என்னது?"

அவன் முறையைப் பற்றிச் சொன்னான். மைதிலி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிவில், "உங்களுக்கும் ஒரு நாளா?" என்றாள்.

"வியாழக்கிழமை. ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்வாங்க."

"ஒத்து வரலன்னா?"

"இதே மாதிரி இன்னொரு தெரு தேடுவேன்."

"நீங்க இவ்வளவு பேசியே ரொம்ப நாளாச்சு கோகுல்," என்றாள். போன் கை மாறியது.

"அப்பா," என்றாள் காவ்யா. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "வியாழக்கிழமை நீ எனக்கு மட்டும் வருவியா, எல்லாருக்கும் வருவியா?"

"எல்லாருக்கும்."

அதை அவள் சீர்தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. "எத்தனை பேரு?"

அவன் முற்றத்தைப் பார்த்தான். பிள்ளைகள் பையை எறிந்துவிட்டுக் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டான்.

"நிக்க மாட்டேங்கறாங்கடா."

"பேராவது கேட்டு வை. யாரு என் கிளாஸ், யாருக்குக் கட்டம் போட்டுப் பாண்டி ஆடத் தெரியும், எல்லாம் கேளு. நான் லைன்லயே இருக்கேன்."

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே படியிறங்கினான். "ஜீவா," என்று கூப்பிட்டான், "இங்க பாண்டி ஆடத் தெரிஞ்சவங்க யார் யாரு?"