நாலு விரல் மடிப்பு

"எங்களுக்கு எப்போ அளவு எடுப்பீங்க, சார்?"

வந்த அன்றே, கையிலிருந்த பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, பெரியவள் கேட்ட கேள்வி இது. அவளுக்கு ஒன்பது வயது. அவள் சட்டை நுனியைப் பிடித்தபடி பின்னால் நின்ற தம்பிக்கு ஐந்து.

தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கே அளவெடுத்து வந்த கை அவருடையது. குழந்தைகள் ஹோமில் தத்தெடுப்புக் காகிதங்களில் கையெழுத்தாகி முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் மகள் வாசலில் நின்று புதுத்துணி கேட்கிறாள்!

"கையில யூனிஃபார்ம் வேலை இருக்கும்மா. அதை முடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை எடுத்துடலாம். உங்க ரெண்டு பேருக்கும்தான் முதல்ல" என்றார்.

"ஞாயித்துக்கிழமை" என்று அவள் தம்பியிடம் திரும்பிச் சொன்னாள். அவன் தலையாட்டினான். இரண்டு முகங்களிலும் சிரிப்பு இல்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

முன்னறை கடை, பின்னால் இரண்டு அறை வீடு. ஒரு பக்கம் தையல் மெஷின், மறு பக்கம் மனைவியின் இஸ்திரி மேஜை. தினமும் காலையில் இஸ்திரிப் பெட்டியைத் தொடும் முன் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "கடவுளே, இன்னைக்கு துணியும் கருகக் கூடாது, யார் மனசும் கருகக் கூடாது." அவ்வளவுதான் அவளுடைய பிரார்த்தனை. பிள்ளைகள் வந்த பிறகு அதில் ஒரு வரி கூடியது. "இதுங்களுக்கு என்ன வேணும்னு எனக்குப் புரியலை. நீயாவது சொல்லு."

உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. அவள் எழுவதற்கு முன்பே பெரியவள் எழுந்து குளித்து, தம்பியையும் குளிப்பாட்டி, போர்வைகளை மடித்து வைத்திருப்பாள். கடையில் சிதறிய வெட்டுத் துணிகளைப் பொறுக்குவாள். தம்பி கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் அவன் வாயைப் பொத்துவாள். தட்டில் இரண்டாவது முறை வைக்கப் போனால் கையைக் குறுக்கே நீட்டுவாள்.

"என்னங்க, நான் இவளுக்கு அம்மாவா, இல்ல இவ எனக்கு மாமியாரா? நான் மடிச்ச துணியைப் பிரிச்சு, திரும்ப ஒழுங்கா மடிக்கிறா" என்றாள் மனைவி.

"குடுத்து வச்சவ நீ."

"விளையாடாதீங்க. ஒன்பது வயசுப் பிள்ளை ஒரு டம்ளரையாவது போட்டு உடைக்க வேண்டாமா? எனக்கு பயமா இருக்கு."

சனிக்கிழமை மாலை, செருப்பு விடும் இடத்தில் பிள்ளைகளின் பைகள் இரண்டும் ஜிப் போட்டு நின்றன. மனைவி எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள். அரைமணி நேரத்தில் திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிட்டன. "இங்கேயே இருக்கட்டும் மேடம். அலமாரியில உங்களுக்கு இடம் வேணும்ல?" என்றாள் பெரியவள், மிகுந்த மரியாதையோடு. அந்த மரியாதையில்தான் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆணியில் மாட்டியிருந்த அளவு டேப்பைக் காணோம்.

மெஷினுக்கு அடியில், துணி மூட்டைக்குள், தன் கழுத்தில்கூடத் தடவிப் பார்த்துவிட்டார் தையல்காரர். அந்த நேரம் பார்த்துப் பேண்ட் தைக்க வந்து நின்றார் பஸ் டிரைவர்.

"தையல் கடையில டேப் இல்லையா? நாளைக்கு நான் ஸ்டியரிங்கைக் காணோம்னு சொன்னா விடுவீங்களா அண்ணே?"

"உங்க இடுப்புக்கு அந்த டேப் எப்படியும் பத்தாது. சும்மா நில்லுங்க" என்று ஒரு நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு அளவெடுத்து அனுப்பினார்.

டிரைவர் போனதும்தான் வாசலைப் பார்த்தார். ஷூ மாட்டிக்கொண்டு, மடியில் பையோடு, சின்னவன் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெரியவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்காகடா காத்திருக்கே வாண்டு?"

"காருக்கு, டெய்லர் சார்."

"எந்தக் காருக்கு?"

இது தெரியாதா என்பதுபோல் அவன் பார்த்தான். "அளவு எடுத்தா புதுத்துணி வரும். புதுத்துணி வந்தா கார் வரும். ஹோம்ல அப்படித்தான். அளவு எடுத்து, புதுசு போட்டு, ஒரு வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்த வீட்டு ஆன்ட்டியும் ஒருநாள் அளவு எடுத்தாங்க. புதுசு போட்டு, திரும்ப ஹோம்லயே விட்டுட்டாங்க." பிறகு ரகசியமாகக் குனிந்தான். "இந்த வாட்டி கார் வராது. அக்கா டேப்பை வெட்டி..." சட்டென்று தானே தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

தையல்காரர் அவன் தலையைத் தடவிவிட்டு உள்ளே எழுந்து போனார்.

இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் போய் மனைவியிடம் சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தணித்தாள்.

"எப்போ அனுப்புவீங்கன்னு கேட்டிருக்கா. நாம தேதி வேற சொல்லியிருக்கோம்" என்றாள்.

"கூப்பிட்டுச் சொல்லிடலாமா? அனுப்ப மாட்டோம்னு?"

"அந்த வீட்டுலயும் சொல்லித்தானே இருப்பாங்க?"

வந்த அன்று அவர் அன்பாகத்தான் தேதி சொன்னார், அது கத்திபோல் இறங்கியிருக்கிறது. இனி எந்த வார்த்தையை எடுத்தாலும் அதன் மறுபக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியுமோ? நல்ல மனசு மட்டும் போதாது, அது எங்கே போய்ச் சேருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது.

நேரே போய், கொடியில் காய்ந்த பெரியவளின் பழைய கவுனை எடுத்து வந்தார். அதைப் புதுத் துணியின்மேல் விரித்து, சாக்குக் கட்டியால் கோடு போட்டார். நீளத்தை மட்டும் நாலு விரல் கூடுதலாக விட்டு வெட்டினார். மதியத்துக்குள் தைத்து முடித்து, கீழ் விளிம்பு மட்டும் பாக்கி இருக்கும்போது பெரியவளைக் கூப்பிட்டார்.

கவுனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"இந்த மடிப்பை நீ தைக்கிறியா? மெஷின் வேண்டாம், கைத்தையல்தான். இங்க பாரு, ஊசியை இப்படிச் சாய்ச்சுப் பிடி."

உட்கார்ந்தாள். நாலு தையல் போட்டதும் மடிப்பைப் புரட்டிப் பார்த்தாள். வேலை தெரிந்த பிள்ளை, தாங்க முடியவில்லை. "இவ்வளவு துணியை உள்ளே விட்டு வீணாக்குறீங்களே?"

"வீண் இல்லம்மா. ரெண்டு மடிப்பு இருக்கு, பாரு. ஒண்ணை அடுத்த வருஷம் பிரிப்பேன். இன்னொண்ணு அதுக்கு அடுத்த வருஷம். நீ வளர்வேல்ல?"

"யார் பிரிப்பாங்க?"

"நான்தான். என் மடிப்பை வேற யாராவது பிரிச்சா துணி கிழிஞ்சிடும்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். பத்து. பதினொன்று. "அப்போ இந்தக் கவுன் ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கணுமா?"

"கவுன் மட்டும் இருந்து என்ன பண்ணும்? உள்ளே ஆள் வேண்டாமா?"

அவள் சிரிக்கவில்லை. நம்பினாளா என்றும் தெரியவில்லை. தலையைக் குனிந்து அடுத்த தையலைப் போட்டாள். முடித்ததும் ஊசியைத் திருப்பி நீட்டினாள். "நீயே வச்சுக்கோ" என்றார். டேப்பைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. புதுசு வாங்கி வரட்டுமா என்று மனைவி கேட்டபோதும், "கொஞ்ச நாள் நூல்லயே ஓட்டுறேன்" என்றார்.

திங்கள், செவ்வாய், புதன். பைகள் வாசலிலேயே இருந்தன. புதன்கிழமை பெரியவள் ஒரு டம்ளரை உடைத்தாள். திட்டுக்குக் காத்திருப்பவள்போல் உறைந்து நின்றாள். மனைவி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "அப்பாடா" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிள்ளைகளுக்குத்தான் குழப்பம்.

வியாழக்கிழமை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக மனைவி கிளம்பிப் போன பிறகு, தையல்காரர் தனியாகக் கடையைத் திறந்தார். வாசலில் சின்னவன் பையின் ஜிப் திறந்திருந்தது. அதிலிருந்த பொம்மை லாரி மெஷினுக்கு அடியில் கிடந்தது. பெரியவளின் பை இன்னும் மூடியபடியே இருந்தது.

ஆணியில் டேப் தொங்கியது.

கையில் எடுத்தார். இருபத்திரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்டு, ஒரு துண்டின்மேல் மறுதுண்டை ஏற்றி, சிவப்பு நூலால் தைத்திருந்தது. ஊசியைச் சாய்த்துப் போட்ட தையல். பொடிப் பொடியாக, ஒன்றுக்கு இரண்டு வரிசை. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறியதில் டேப் அரை அங்குலம் குறைந்திருந்தது.

யாரையும் கூப்பிடவில்லை. இருந்தபடியே ஆணியில் மாட்டினார்.

இப்போதும் அவரிடம் இருப்பது அந்த டேப்தான். இருபத்திரண்டைத் தாண்டும் எந்த அளவிலும் அரை அங்குலத்தை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் நோட்டில் எழுதுகிறார்.